எல்லா இடத்திலும் ஆடுகிறேன். எனக்கென்று ஓர் இடம் எது?

பெயரையும் அணியையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு, 20 வயதுத் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது:

அவர் ஒரு முன்கள வீரர். உயரம் 203 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. அணியில் இது அவருக்கு இரண்டாவது பருவம். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறவும், பாஸ் கொடுக்கவும், உயரமானவரையும் வேகமானவரையும் தடுக்கவும் தெரிந்தவர் என்பதற்காகவே அணி அவரை எடுத்தது. ஆனால் இன்று அந்தத் திறமையே தமக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்கிறார். ஓர் ஆட்டத்தில் ஸ்மால் ஃபார்வர்டு (ஓரங்களில் ஆடுபவர்), அடுத்ததில் பவர் ஃபார்வர்டு (கூடைக்கு அருகில் ஆடுபவர்), உயரமானவர்கள் காயம்பட்டால் சென்டர் (கூடையை ஒட்டி ஆடும் மிக உயரமானவர்) என்று மாற்றி மாற்றி இறக்குகிறார்கள். ஒரு நாள் 22 நிமிடம், மறுநாள் 4 நிமிடம், அதற்கடுத்த நாள் பெஞ்சிலிருந்து எழவே இல்லை. இப்போது, பருவத்தின் மீதி நாள்களை இளையோருக்கான துணை அணியில் கழிக்கும்படி பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அவருடைய ஒப்பந்த விவகாரங்களைக் கவனிக்கும் அண்ணன், “போகாதே, வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேள்” என்கிறார். தனிப் பயிற்சியாளர் ஒருவர் மூன்று மாதத்தில் 10 கிலோ எடை கூட்டித் தருவதாகச் சொல்லி, லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு மாவு கொடுத்திருக்கிறார். இவற்றோடு, ஒவ்வொரு நாளும் அணிப் பயிற்சி முடிந்தபின் தனியாக 500 எறிதல்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிறபோக்கில் எழுதியதுபோல ஒரு வரி: “இரண்டு மாதமாக இடது முட்டிச் சில்லுக்குக் கீழே வலிக்கிறது, சொன்னால் இருக்கும் நிமிடங்களும் போய்விடும் என்பதால் அணி மருத்துவரிடம் சொல்லவில்லை.”

அன்புள்ள தம்பிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட மற்ற எல்லாக் கேள்விகளுக்குமான விடை அந்த முட்டியைச் சார்ந்தே நிற்கிறது.

முட்டியை மறைக்காதீர்கள்

நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது. எனினும் முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே ஒரே புள்ளியில் வலி, ஆட்டம் தொடங்கும்போது வலித்து உடல் சூடேறியதும் குறைந்து மறுநாள் காலை படியிறங்கும்போது மீண்டும் தலைதூக்குவது என்று நீங்கள் விவரித்திருக்கும் விதம், ‘ஜம்பர்ஸ் நீ’ எனப்படும் தசைநாண் பாதிப்பையே முதலில் நினைக்க வைக்கிறது. தொடைத் தசையின் விசையைக் காலெலும்புக்குக் கடத்தும் தசைநாண், தனக்குக் கொடுக்கப்பட்ட ஓய்வைவிட அதிகமாக உழைக்கும்போது வரும் தொல்லை இது. குதிப்பதே தொழிலான கூடைப்பந்தில் இது மிகச் சாதாரணம். உயர்நிலைக் கூடைப்பந்து வீரர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருந்தது. ஆகவே இதைச் சொல்வதால் உங்கள் அணி மருத்துவர் திடுக்கிடப்போவதில்லை. இந்த வாரம்கூட அவர் இதே வலிக்காக வேறு யாரையாவது பார்த்திருப்பார்.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக உள்ளன. ஒன்று, வலியோடு ஆடி ஆடியே அது பழகிப்போகும் என்பது. மற்றொன்று, சொல்லிவிட்டால் மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடுவார்கள் என்பது. தசைநாண் முழு ஓய்வில் குணமாவதில்லை. ஓய்வில் வலி அடங்கும், ஆனால் தாங்குதிறனும் சேர்ந்து குறைந்துவிடுவதால் திரும்ப ஆட வந்த முதல் வாரத்திலேயே வலியும் திரும்பும். இன்று விளையாட்டு மருத்துவத்தில் நாங்கள் பின்பற்றும் வழி, குதிப்பின் எண்ணிக்கையைக் குறைத்து, கனமான எடையை மெதுவாகத் தூக்கி இறக்கும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம்போலத் தொடர்ந்து தருவது. தொடக்கக் கட்டத்தில் பலர் அளவோடு ஆடிக்கொண்டேதான் சிகிச்சை பெறுகிறார்கள். மறுநாள் காலை வலி முந்தைய நாளைவிட ஏறியிருக்கிறதா என்பதுதான் அளவுகோல். வலியை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினால் அந்த அளவுகோலையே இழந்துவிடுவீர்கள். தசைநாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் இன்னொரு மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள்.

இப்போது அந்த 500 எறிதல்களுக்கு வருவோம். உங்கள் உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அணிப் பயிற்சியில் ஏற்கெனவே களைத்த காலில் ஒவ்வோர் இரவும் 500 முறை எம்பி இறங்குவதும், இரண்டு மாதமாகத் தொடரும் வலியும் தொடர்பில்லாதவை என்று என்னால் நம்ப முடியவில்லை. எண்ணிக்கையை 250-க்கும் கீழே கொண்டுவாருங்கள். அதிலும் ஒரு பகுதியைத் தரையிலிருந்து கால் எடுக்காமல் எறியுங்கள். ஃபிரீ த்ரோவும் (எதிரணியின் தவறுக்கு ஈடாகக் கோட்டில் நின்று தடுப்பின்றி எறிவது) கைவாகைத் திருத்தும் எறிதலும் முட்டிக்குச் சுமையே அல்ல. எஞ்சியவற்றை ஒரே இடத்தில் நின்று வரிசையாக எறியாமல், இடம், தூரம், பாஸ் வரும் திசை எல்லாம் மாறி மாறி வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பயிலும்போது விழும் கூடைகள் குறையும், எரிச்சலாக இருக்கும். ஆனால் கற்றது ஆட்டத்தில் கைகொடுக்கும். ஒரே இடத்திலிருந்து ஐம்பது எறிவதில் கை பழகுகிறது, ஆட்டத்திலோ ஒரே இடத்திலிருந்து இரண்டாவது வாய்ப்பு எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது.

மிச்சமாகும் நேரத்தில் தூங்குங்கள். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேர் சில வாரங்களுக்கு இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றபோது, ஃபிரீ த்ரோவிலும் மூன்று புள்ளி எறிதலிலும் (தொலைவில் உள்ள வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) அவர்களுடைய வெற்றி விகிதம் 9 விழுக்காட்டளவு உயர்ந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அதில் இல்லை. என்றாலும், வளர்ந்துகொண்டிருக்கும் உடலுக்கு ஒரு மணி நேர உறக்கமா, களைத்த காலில் நூறு எறிதலா என்று கேட்டால் நான் உறக்கத்தையே தேர்வேன்.

பத்து கிலோ பற்றி

மூன்று மாதத்தில் 10 கிலோ தசை ஏறாது. ஏறுவதில் கணிசமான பகுதி கொழுப்பாகவும் நீராகவும் இருக்கும். ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் முட்டித் தசைநாண் உடல் எடையின் பல மடங்கைத் தாங்குகிறது என்பதால், ஏற்கெனவே முறையிடும் முட்டியின் மீது திடீர் எடையை ஏற்றுவது எனக்கு அச்சம் தருகிறது. பாத எலும்புகளும் இதே கதைதான். உயரமான வீரர்களுக்கு அங்கே ஏற்படும் அழுத்த முறிவுகள் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசல்கள்) ஆற மாதக்கணக்காகும். இருபது வயதில் எலும்பின் அடர்த்தி இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று கிலோ என்று நிதானமாக ஏறட்டும்.

யான்னிஸ் அன்டெட்டோகும்போ 2013-இல் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் புதிய வீரர் தேர்வில் 15-ஆம் இடத்தில் எடுக்கப்பட்டபோது அவருக்கு 18 வயது. ஒல்லியான பையன், முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 6.8 புள்ளிதான் எடுத்தார். இன்று நாம் பார்க்கும் அந்தத் தோள்கள் ஆண்டுக்கணக்கில் வந்தவை. மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது ஆறாவது பருவத்தில், 2019-இல்.

அந்த மாவை இன்றே நிறுத்துங்கள். ஊக்கமருந்து விதிகளின் அடிப்படையே, உடலில் கண்டெடுக்கப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பதுதான். “பயிற்சியாளர் கொடுத்தார், எனக்குத் தெரியாது” என்ற விளக்கம் தண்டனையின் அளவைக் குறைக்க ஒருவேளை உதவலாம்; குற்றச்சாட்டிலிருந்து அது காப்பாற்றாது. டப்பாவை அப்படியே அணி மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எங்கும் ஆடுபவர் எப்படி உருவாகிறார்

உங்கள் மனவேதனைக்கு மூலமான கேள்வி இதுதான். பல ஆண்டுகள் அணிகளோடு பணியாற்றி, பயிற்சியாளர்களின் அருகில் அமர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீங்கள் “எல்லா இடத்திலும் ஆடுபவர்” என்பதை, ஐந்து இடங்களுக்கு உரிய எல்லா வேலைகளையும் கற்றவர் என்று பொருள்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிய பாடம் படிக்க உட்கார்ந்தவரைப் போலத் தவிக்கிறீர்கள். பெயர்பெற்ற பன்முக வீரர்களின் தொடக்க ஆண்டுகளைப் பார்த்தால் வேறொன்று தெரியும். அவர்கள் ஒவ்வொருவரும் முதலில் ஏதோ ஒரு வேலையில் பயிற்சியாளரின் முழு நம்பிக்கையைப் பெற்றார்கள். அந்த ஒரு வேலைக்காகக் களத்தில் நிறுத்தப்பட்ட நிமிடங்களில் மற்றவை வளர்ந்தன.

டிரேமண்ட் கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் 35-ஆவதாக எடுக்கப்பட்டவர். முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 3 புள்ளிகூட எடுக்கவில்லை, மூன்று புள்ளி எறிதலில் ஐந்தில் ஒன்றுதான் விழுந்தது. அவரைக் களத்தில் நிறுத்தியது தடுப்பாட்டம். மூன்றாவது பருவத்தில்தான் முதல் ஐவரில் நிலைத்தார்; உங்களைவிட உயரம் குறைந்த அவர், 2015 இறுதிப்போட்டித் தொடரின் நான்காவது ஆட்டத்திலிருந்து சென்டர் இடத்தில் தொடங்கினார், அணியும் பட்டம் வென்றது. கவாய் லெனர்டு கல்லூரியில் எறிந்த மூன்று புள்ளி எறிதல்களில் நான்கில் ஒன்றே விழுந்தது. சான் அன்டோனியோ அணியில் அவருடைய எறியும் முறையைத் திருத்தினார்கள். என்பிஏ-வில் மூன்று புள்ளிக் கோடு இன்னும் தொலைவில் இருந்தும், முதல் பருவத்திலேயே வெற்றி விகிதம் 37 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. ஆனால் 20 வயதில் அவருக்கு ஆட நேரம் கிடைத்ததற்கு முதற்காரணம் எதிரணியின் சிறந்த வீரரைத் தடுக்கும் அவருடைய திறன்தான். பந்து அவர் கையில் நம்பி ஒப்படைக்கப்பட்டது பிறகு, படிப்படியாக.

உங்களுக்கான அந்த ஒரு வேலை எது? கடிதத்தில் இரண்டு விவரங்கள் என் கவனத்தை ஈர்த்தன. நீங்கள் ஆடிய நல்ல ஆட்டங்கள் என்று குறிப்பிட்டிருக்கும் மூன்றிலுமே எதிரணியின் கார்டு (பந்தைக் கொண்டுவரும் வேகமான வீரர்), ஃபார்வர்டு இருவரையும் மாறி மாறித் தடுத்திருக்கிறீர்கள். மூன்றிலுமே நீங்கள் ஸ்கிரீன் வைத்துவிட்டு (பந்து வைத்திருக்கும் தோழரைத் தடுப்பவரின் வழியை உடலால் மறித்துவிட்டு) ஃபிரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கிப் பிறருக்கு வாய்ப்பு உண்டாக்கியிருக்கிறீர்கள். இந்த இரண்டாவதை நீங்கள் ஒரு வரியில் கடந்துபோனது எனக்கு வியப்பாக இருக்கிறது. பந்து வைத்திருப்பவரை இரண்டு பேர் நெருக்கும்போது, கோட்டருகே நிற்கும் உங்களிடம் பந்து வந்துவிட்டால், அந்தக் கணத்தில் உங்கள் அணியின் நான்கு பேர் எதிரணியின் மூன்று பேரை எதிர்கொள்கிறார்கள். ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும்: கூடையின் அடியில் காத்திருக்கும் தடுப்பாளர் உங்களை நோக்கி வந்தால் அவர் விட்டுவந்தவருக்குப் பாஸ், மூலையில் இருப்பவர் உள்ளே இறங்கினால் மூலைக்குப் பாஸ், யாரும் அசையவில்லையென்றால் நீங்களே ஏறிப்போக வேண்டும். உயரம், பந்தைக் கையாளும் திறன், பார்வை மூன்றும் ஒருங்கே அமைந்தவருக்கே இது கைவரும். உங்களை எடுத்ததற்கு அணி சொன்ன காரணங்கள் இந்த மூன்றுதானே?

கவனியுங்கள், இந்த இரண்டு வேலைகளும் இடம் மாறினாலும் மாறாதவை. ஸ்மால் ஃபார்வர்டாக இறக்கினாலும் சென்டராக இறக்கினாலும், மாறி மாறித் தடுப்பதும் ஸ்கிரீனுக்குப் பின் முடிவெடுப்பதும் உங்கள் பணியாக இருக்க முடியும். இவற்றுடன் மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிதலைச் சேருங்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் அளவில், கூடையிலிருந்து மூன்று புள்ளிக் கோட்டு வளைவின் மேற்பகுதி 6.75 மீட்டர், மூலை 6.60 மீட்டர், என்பிஏ-வில் 7.24 மீட்டருக்கு எதிராக மூலை 6.70 மீட்டர்தான். எறியத் தொடங்குபவருக்கு மூலை சற்றேனும் கருணை காட்டும் இடம். சென்டராக ஆடும்போது முதுகைக் காட்டி நின்று புள்ளி எடுப்பது, பாயிண்ட் கார்டைப் போல ஆட்டத்தை நடத்துவது ஆகியவற்றை இந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள். அவை பின்னால் வரட்டும், வராமலும் போகட்டும்.

துணை அணி, மாற்றம், ஒப்பந்தம்

துணை அணிக்கு அனுப்புவது தண்டனை என்று அண்ணன் நினைக்கிறார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. தம்பியை யாரோ ஒதுக்குகிறார்கள் என்று தோன்றினால் எந்த அண்ணனுக்கும் கோபம் வரும். அவரிடம் பாஸ்கல் சியாகமைப் பற்றிச் சொல்லுங்கள். 2016-இல் 27-ஆவதாக எடுக்கப்பட்டு, டொராண்டோ அணியின் முதல் ஐவரில் பருவத்தைத் தொடங்கி, அந்த இடத்தை இழந்து, அதே பருவத்தில் துணை அணிக்கு அனுப்பப்பட்டவர் அவர். அங்கே 2017-இல், துணை அணிகள் மோதும் வளர்ச்சி லீக்கின் பட்டத்தை வென்று இறுதிப்போட்டியின் சிறந்த வீரரும் ஆனார். இரண்டு ஆண்டு கழித்து, 2019-இல், டொராண்டோ என்பிஏ பட்டம் வென்றபோது அணியின் முக்கியத் தூண்களில் ஒருவர். அவ்வாண்டு மிகுந்த முன்னேற்றம் கண்ட வீரருக்கான விருதும் அவருக்கே.

அதே சமயம், துணை அணிக்குப் போகும் எல்லோரும் திரும்பி வருவதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். எந்த வேலையைக் கற்கப் போகிறோம் என்பது முன்பே பேசி முடிவானவருக்கு அது பள்ளி. பேசாமல் அனுப்பப்பட்டவர் அங்கே புள்ளிகளைக் குவித்துக் காட்டித் திரும்பப் பார்ப்பார். பெரிய அணிக்கு வந்ததும் அவருக்குப் பந்தே கிடைக்காது, அங்கே பழகியது இங்கே பயன்படாது. எனவே கேட்க வேண்டியது போவதா வேண்டாமா என்பதல்ல, எதற்காகப் போகிறேன் என்பது.

பயிற்சியாளரிடம் தனியாகப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். அண்ணன் இல்லாமல், நீங்கள் மட்டும். “எனக்கு ஏன் நிமிடங்கள் இல்லை?” என்று தொடங்காதீர்கள், அது அவரைத் தற்காப்பில் நிறுத்திவிடும். “எந்த ஒரு வேலையை நான் நம்பும்படி செய்தால் என்னைத் தொடர்ந்து களத்தில் வைத்திருப்பீர்கள்?” என்று கேளுங்கள். துணை அணியிலும் அதே வேலையைத்தான் செய்வேனா, யார் என் ஆட்டப் பதிவுகளை என்னோடு உட்கார்ந்து பார்ப்பார், எப்போது மறுபரிசீலனை என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு அவரிடம் விடையே இல்லையென்றால், அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கலாம் என்று நானும் எண்ணத் தொடங்குவேன்.

ஒப்பந்தத்தைப் பற்றி நான் வழக்கறிஞராகப் பேச முடியாது. கையெழுத்திடும் எந்தத் தாளையும் விளையாட்டுச் சட்டம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பொதுவாக அறிய வேண்டியவை சில. ஒப்பந்தம் ஊதியத்துக்கும் மருத்துவ வசதிக்கும் உறுதி தரும். ஆடும் நிமிடங்களுக்கு உறுதி தருவதில்லை. ஆகவே நிமிடங்கள் குறைந்ததை ஒப்பந்த மீறல் என்று வாதிடுவது பெரும்பாலும் எடுபடாது. மாற்றம் கேட்பதானால் உள்ளே, அமைதியாகக் கேட்க வேண்டும்; என்பிஏ-வில் அதைப் பகிரங்கமாகச் சொல்வதே அபராதத்துக்கு உரிய செயல். உங்கள் ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டு அணியின் விருப்பத்துக்கு உட்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, வலிக்கும் முட்டியோடும் நான்கு நிமிட ஆட்டங்களோடும் வெளியே போய் நின்றால் எந்த அணியும் தயங்கும். ஊதியத் தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது என்ற விதியையும் பாருங்கள். பல நாடுகளின் ஒப்பந்தங்களில் ஃபிபா 2007-இல் ஏற்படுத்திய நடுவர் தீர்ப்பாயத்தின் பெயர் இருக்கும்.

உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: அணி மருத்துவர் உங்களுக்கும் மருத்துவர், அணிக்கும் பணியாளர். அவர் அணிக்கு எதைத் தெரிவிப்பார் என்று பரிசோதனைக்கு முன்பே அவரிடம் கேட்பதில் தவறில்லை; நேர்மையான மருத்துவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். வெளி மருத்துவர் ஒருவரின் இரண்டாவது கருத்தைப் பெறவும் நீங்கள் கேட்கலாம்; அதன் நடைமுறை பல ஒப்பந்தங்களில் எழுதப்பட்டே இருக்கும். ஆனால் காயத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் அதே ஒப்பந்தத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இன்று மறைத்த வலி நாளை தசைநாண் கிழிவாக முடிந்தால், ஆட்டத்தின்போது ஏற்பட்ட காயத்துக்கான பாதுகாப்பைக் கோரும்போது அந்த இரண்டு மாத மௌனம் உங்களுக்கு எதிராக வைக்கப்படும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மருத்துவர், பிறகு பயிற்சியாளர், அதன்பின் அண்ணனோடு உட்கார்ந்து பேச்சு. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வலி தொடங்கிய நாள், எந்த அசைவில் வலிக்கிறது, காலையில் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய எத்தனை முறை குதிக்கிறீர்கள், இதுவரை போட்ட வலி மாத்திரைகள் எவை என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மாவு டப்பாவை மறந்துவிடாதீர்கள். முட்டியின் படம் எடுத்து அதில் மாற்றம் தெரிந்தால் கலங்க வேண்டாம். வலியே இல்லாத பல வீரர்களின் முட்டியிலும் அதே மாற்றம் தெரியும். சிகிச்சை தொடங்கி ஆறு வாரம் கழித்து, முட்டி எப்படி இருக்கிறது என்பதையும், பயிற்சியாளர் சொன்ன அந்த ஒரு வேலை எது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.